நான்கு நிமிடம்

ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்கு
என் கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது.
கதவு மட்டும் திறக்கவில்லை.
'விதிமீறல். நிரந்தரத் தடை.'
எந்த விதி, எந்த நாள், எந்த ஆட்டம்,
யாருக்கு என்ன செய்தேன்,
ஒன்றும் இல்லை.
ஜன்னலுக்குக் கீழே பும்ப்ளிட்ஸ் ட்ராம்
வளைவில் கிறீச்சிட்டுப் போனது.

ஆறு வருடமாக அந்தப் பனிக்கோட்டையில் நான் வைத்தியர்.
சுடத் தெரியாது. விழுந்தவர்களை எழுப்புவேன்.
கூர் நகரத்து ரேட்டோ,
லௌசானில் இரவுக் காவல் பார்க்கும் அனுக்,
குரல் இன்னும் உடையாத ஒரு போர்த்துக்கல் பொடியன்:
எத்தனை தரம் எழுப்பியிருப்பேன்.
முகம் தெரியாது. அவர்கள் மூச்சு வாங்குவது தெரியும்.

மேன்முறையீடு எழுதினேன், சுத்தமான ஜெர்மனில்,
தொழில் அது எனக்கு.
நான்கு நிமிடத்தில் பதில்:
'உங்கள் வழக்கை ஒரு மனிதர் முழுமையாகப் பரிசீலித்தார்.
முடிவில் மாற்றமில்லை.
பாதுகாப்புக் கருதி விவரம் தர இயலாது.
அன்புடன், இலோனா.'
நான்கு நிமிடத்தில் ஒரு முட்டைகூட அவியாது, இலோனா.

விவரம் சொன்னால் ஏமாற்றுகிறவர்கள் கற்றுக்கொள்வார்களாம்.
சரி. பூட்டின் சூட்சுமத்தைக் கேட்கவில்லை நான்.
எந்தச் சன்னலை உடைத்தேன் என்றாவது
வெளியே தள்ளும்போது சொல்லலாமே.

இரண்டு மணிவரை நானே தேடினேன்.
பெறாமகன் ஒரு பின்னேரம் என் பெயரில் ஆடினானே, அதுவா?
நத்தாருக்கு வாங்கின மலிவு மவுஸ்
ஒரு சொடுக்குக்கு இரண்டாய் அடித்ததே, அதுவா?
கோபத்தில் தமிழில் எழுதின ஒரு சொல்,
அதை எந்த இயந்திரம் என்னவென்று படித்ததோ.
அல்லது என் விரல் அவ்வளவு வேகமா?
நாற்பத்தாறு வயதில் அது ஒரு பாராட்டு.

திங்கள் காலை வேலை.
மற்றவர்களுக்கு வந்த 'இல்லை'யைத் தமிழில் சொல்லி
நிமிடக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவள் நான்.
தவபாலன் கடிதத்தை நீட்டினார். பதினொரு பக்கம்.
பத்தி பத்தியாக அவரை நம்பாமல் இருந்தார்கள்:
மூன்றாம் பக்கத்தில் தேதி பொருந்தவில்லை,
ஏழாம் பக்கத்தில் அவர் அழாதது பொருந்தவில்லை.
கடைசியில் முப்பது நாள் அவகாசம்,
ஒரு விலாசம், மையில் ஒரு கையெழுத்து.
'நாசமாப் போக' என்றார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
அந்தப் பதினொரு பக்கத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது.
ஒரு கணம்தான். காது சுட்டது.
அவருக்கு அது உயிர். எனக்கு இது விளையாட்டு.
ஆனாலும்.

ட்ராமில் திரும்பும்போதுதான் கெஸ்ஸல் ஞாபகம் வந்தான்.
போன ஒக்டோபர்.
மூன்று ஆட்டம் தொடர்ந்து எங்களைத் தோற்கடித்தவன்.
இவ்வளவு குறி தப்பாமல் எவனும் சுட மாட்டான் என்று
முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
ரேட்டோவையும் அழுத்தச் சொன்னேன். அனுக்கையும்.
பொடியனையும்.
அடுத்த வாரம் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது.
தேத்தண்ணி போட்டுக் குடித்தேன், நிம்மதியாக.
ஏன் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் என்ன இருந்தது?

இன்றிரவு இரண்டாவது கடிதம்.
'அன்புள்ள இலோனா,
இது என் கணக்கைப் பற்றியதல்ல.
கெஸ்ஸல் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை,
தோற்றதை மட்டும் பார்த்தேன்.
அவனுக்குச் சொல்லுங்கள்: முறையிட்டது நான்.
பெயர் திலகேஸ்வரி. விலாசம் கீழே.'

அனுப்பினேன்.
நான்கு நிமிடம் போனது.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
பன்னிரண்டரைக்கும் பதில் இல்லை.
யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் போல.