பதினொன்றரை

தாடியஸ் மூட்டோன் என்ற பெயரை
எந்தச் சிறுவனும் முதுகில் அணிந்ததில்லை.
அந்தச் சட்டை கடைக்கு வரவே இல்லை.
ஒன்பது ஆண்டு, ஆறு அணி,
ஏழு எண்.
பஃபலோவில் மட்டும் இரண்டு:
நடுவில் வந்த நட்சத்திரம் ஒருவன்
தொண்ணூற்று மூன்றைக் கேட்டுவிட்டான்.

அவன் வேலை இது:
பந்து அசைந்ததும்
முந்நூறு பவுண்டு ஆட்கள் இருவர் நடுவே
தலையைக் கொடுத்து
அங்கேயே நிற்பது.
அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வேறொருவன்
திறந்த வழியில் பாய்ந்து
குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பான்.
கேமரா அந்த வேறொருவனோடு ஓடும்.
புல்லில் குப்புறக் கிடந்தபடி
காதால்தான் தெரிந்துகொள்வான் தாடியஸ்.
உள்ளூர் என்றால் அரங்கம் எழும் சத்தம்.
வெளியூர் என்றால்
எழுபதாயிரம் பேர் வாயடைத்துப்போகும் அந்த அமைதி.
அமைதிதான் அவனுக்கு அதிகம் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் கதவை இரண்டு முறை தட்டுவார்கள்.
"மேலே கூப்பிடுகிறார்கள். டேப்லெட்டையும் எடுத்து வா."
ஆட்டத் திட்டம் முழுக்க அதற்குள்.
அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
காலணிகளைக் கருப்புக் குப்பைப்பையில் போட்டு
கிளீவ்லாந்தில் அவன் வெளியே வந்தபோது
தையல் அறையில் ஒரு பெண்
அவன் பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்,
நூல் நூலாக, துணி கிழியாமல்.
சட்டை அடுத்தவனுக்கு வேண்டுமே.
நிமிர்ந்து பார்த்து
"நீளமான பெயர்" என்றாள்.
மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

கொரின் அப்போதே முடிவெடுத்தாள்:
ஜாக்சன்வில்லில் கட்டிய பெட்டிகளில் மூன்று
இனி எங்கேயும் பிரிக்கப்படாது.
அவற்றுள் ஒன்றில் நல்ல தட்டுகள் இருந்தன.

ஆட்டத்துக்குக் கால்மணியாய் நான்கு கால்.
அவனுக்கு இருந்ததோ இரண்டு,
இடதில் திருகாணி வேறு.
ஆறாவது ஆண்டு, டென்வரில் பனி,
பருவத்தின் கடைசி ஆட்டம், மூன்றாம் கால்.
அன்று வழி அவனுக்கே திறந்தது.
இடுப்பைப் பிடித்தான். சாய்த்தான்.
மேலே செமிசி ஹாலாஃபிஹியும் வந்து விழுந்தான்.
ஆளுக்கு அரை என்று எழுதினார்கள்.
அந்த அரையோடு அந்த ஆண்டுக்கு ஐந்து.
ஐந்து தொட்டால்
இரண்டு லட்சம் டாலர், ஒப்பந்தத்தில் இருந்தது.

புதன்கிழமை, எங்கோ ஓர் அலுவலகத்தில்,
யாரோ காபியோடு உட்கார்ந்து
படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்து
அரையைப் பிடுங்கிச் செமிசியிடம் சேர்த்தார்கள்.
நான்கரை.
நான்கரைக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

செமிசி கடிதம் எழுதினான்:
'நான் வந்தபோது அவன் விழுந்துவிட்டான்.
தாடியஸின் முதுகைத்தான் பிடித்தேன்.'
பதில் வரவில்லை.
அடுத்த செவ்வாய்க்கிழமை கதவு தட்டியது,
இந்த முறை செமிசிக்கும் சேர்த்து.
இருவரும் ஒரே டாக்சியில் விமான நிலையம் போனார்கள்.
வாடகையைச் செமிசி கொடுத்தான்.
"பாதி கழிந்தது" என்றான்.
தாடியஸ் சிரித்ததில் விலா வலித்தது.

இப்போது டொலீடோவில் லிஃப்ட் சோதிக்கிறான்.
மருத்துவமனை, வங்கி, பழைய விடுதி.
கம்பியைத் தட்டிப் பார்க்கிறான், பிரேக்கை இழுத்துப் பார்க்கிறான்.
படியில் இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது.
மொத்தம் எத்தனை என்று யாராவது கேட்டால்
பதினொன்றரை என்பான்.
பன்னிரண்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நல்ல தட்டுகள் வெளியே வந்துவிட்டன.
இரண்டு உடைந்திருந்தன.

லிஃப்டுக்குள் பித்தளைத் தகடு:
தாங்கும் எடை 2,500 பவுண்டு.
பதினாறு பேர் என்று கீழே எழுதியிருக்கும்.
கையெழுத்துப் போடும் முன்
ஒவ்வொரு முறையும் மனசுக்குள் திருத்துவான்:
எட்டு,
எங்கள் ஆட்கள் என்றால்.