பதினான்கு, பதினைந்து

குவோப்பியோ நகரில் மே மாதம்.
ஏரிக்கரைத் தண்ணீரில் மஞ்சள் ஏடு படிந்திருக்கிறது.
பிர்ச் மரங்கள் வீட்டுக் கல்யாணம்.
பந்தலுக்கு வராதவர் மூக்கிலும்
வந்து விழுகிறது அட்சதை.

நான் ஹில்க்கா. மூன்றாம் மாடியில்
சாயம் ஏற்றி, எண்ணி, எழுதிவைப்பவள்.
என் மேசைக்கு மனிதர்கள் வருவதில்லை.
கண்ணாடித் துண்டுகள் வரும்.
இன்று வந்தவை: 14. 15.

சகோதரர்கள் என்று மட்டும் தெரியும்.
இருவருக்கும் பூந்தாது ஆகாது.
ஒருவனுக்கு அது தும்மலோடு போயிற்று,
மற்றவனுக்குப் படியிறங்கி
நெஞ்சில் ஈளையாகக் குடியேறிற்று.
எவன் எவனென்பது
அலமாரியில் பூட்டிய உறைக்குள்.

நேற்று டாக்டர் கெட்டுனென்
மெல்லிய குழாயை இறக்கி
நுரையீரலின் ஒரு கிளையில் வெறும் உப்புநீரும்
இன்னொரு கிளையில்
துளி வசந்தம் கலந்த உப்புநீரும் விட்டார்.
இன்று ஒரு குட்டித் தூரிகையால்
அதே இடங்களைத் தேய்த்தெடுத்தது இது.

14.
அம்மாடி.
இளஞ்சிவப்புத் துகள்களைச் சுமந்த அணுக்கள்
தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.
எண்ணும் பொத்தானை அழுத்தி அழுத்திக்
கட்டைவிரல் மரத்துப்போனது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
இவன்தான்.

15.
கூட்டம் உண்டு, இத்தனை இல்லை.
சளி சுரக்கும் அணுக்கள் மட்டும்
வயிறு உப்பிக் கிடந்தன.
மேல்தோலில் ஒரு திட்டு, வெறுமையாக.
உப்புநீர் மட்டும் பட்ட கிளையைப் பார்த்தேன்.
அங்கும் அதே உப்பல்.
யாரும் கதவைத் தட்டாத இரவில்
விளக்கை அணைக்காமல் யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி.
நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
காபிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
தப்பு.

14 அஹ்தி. மீனுக்குப் புகை போடுகிறவன்,
லிப்ட் இருந்தும் படியேறி வருகிறவன்.
15 ரவுனோ. ஐஸ் ஹாக்கி நடுவர்.
ஒரு பையில் விசில்,
மறு பையில் நீல இன்ஹேலர்.

14-ஐ மறுபடி எடுத்தேன்.
நான் எண்ணாமல் விட்டது அப்போது தெரிந்தது:
அத்தனை கூட்டத்தின் காலடியில்
கிழிந்த இடத்தைத் தைக்க
அடியணுக்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தன.
சண்டைக்கு வந்தவன்
இன்னொரு கையில் செங்கலும் சாந்துச் சட்டியும்
கொண்டுவந்தது போல.

ஆரோக்கியம் என்றால்
எதுவும் உறைக்காத உடம்பு என்று நினைத்திருந்தேன்,
பதினோரு வருடம், இதே நாற்காலியில்.
அஹ்தியின் நுரையீரலுக்கும் உறைத்தது.
நன்றாகவே உறைத்தது.
பிறகு ஆறியது.
புண் ஆறுவதும் பால் ஆறுவதும்
கோபம் ஆறுவதும் ஒரே சொல் என்பதை
அதற்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
ரவுனோவின் நெஞ்சில்
மூன்றாம் நாள் வருவதே இல்லை.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில்
இருவரையும் பார்த்தேன்.
அஹ்தி ஏழெட்டுத் தும்மல் தும்மினான்,
கண்ணில் நீர் வழிய, மரங்களைத் திட்டிக்கொண்டே.
ரவுனோ தும்மவில்லை.
கார்க் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான்.
ஏற்றிவிட்டு
ஸ்டியரிங்கில் இரு கையும் வைத்தபடி
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

விசில் பையில்தான் இருந்திருக்கும்.
ஆனாலும் அந்தக் கண்ணாடிக்குள்
யாரோ ஊதிக்கொண்டிருந்தார்கள்,
ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி.