செவ்வகம்

ஹூமா நகரத்தில் தபால் கொடுப்பவள் நான்.
பத்தொன்பது வருஷமாக அதே தெரு.
மற்ற வீட்டுக்காரர்கள் நாயைப் பற்றி எச்சரிப்பார்கள்.
க்ளோவிஸ் டார்டார் சொன்னது ஒன்றே ஒன்று:
புல்லில் கால் வைக்காதே.

புயல் அவர் கூரையைக் கொண்டுபோன வருஷம்
உப்புத்தண்ணீர் மூன்று நாள் முற்றத்தில் நின்றது.
வடிந்ததும் வந்து சேர்ந்தது அரசாங்கத்தின் தகர வீடு,
வெள்ளையாக, சக்கரத்தின் மேல்.
பதினாறு மாசம் அதற்குள்ளே
அவரும் அசெலியும் ஒரு கைக்குழந்தையும்.
கதவைத் தட்டினால் வீடே அதிரும்,
தூங்கும் பிள்ளை எழுந்துவிடும் என்று
ஜன்னல் வழியாகவே கடிதங்களை நீட்டுவேன்,
எக்கி நின்று.

பிறகு ஒருநாள் லாரி வந்து இழுத்துப் போயிற்று.
அடியில் மிச்சமிருந்தது
அடுப்புச் சாம்பல் நிறத்தில் மண்.
நீளம் பதினோரு தப்படி. அகலம் மூன்று.

கரும்பாலைச் சக்கையை மக்கவைத்துக் கொட்டினார்.
ஜிப்சம் தூவி, மழைக்கு விட்டு, உப்பைக் கீழே இறக்கினார்.
செயின்ட் அகஸ்டின் புல்லைக் கையகலத் துண்டுகளாக
அடிக்கு ஒன்று, வரிசை மாற்றி நட்டார்.
ஓடுகொடிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும்வரை
மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் புழுக்கத்தில் புல் வளர்ப்பதென்ன பெரிய காரியம் என்று
வறண்ட ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.
இங்கே எது வேண்டுமானாலும் வளரும்.
அதுதான் தொல்லை.
அலமாரியில் மடித்து வைத்த பெல்ட்டில் பூசணம் வளரும்.
மாலையில் தண்ணீர் விட்டால் விடிவதற்குள்
ஈரக் கோப்பை வைத்த மேசைபோல் பழுப்பு வட்டங்கள்.
ஒட்ட வெட்டினால் கோரை கழுத்தை நீட்டும்;
பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு
அடுத்த வாரம் வருகிறேன் என்கும்.
உரம் ஒரு பிடி கூடினால் பூச்சிக்குப் பந்தி.

காப்பித்தூள் டின்னின் இருபுறமும் வெட்டி,
மண்ணில் அழுத்தி, தண்ணீர் நிரப்பி,
மிதந்து வரும் பூச்சிகளைக் குனிந்தபடி எண்ணுவார்.
'இருபத்து மூன்று' என்பார் என்னிடம்,
நான் நீட்டும் மின்சார பில்லைப் பார்க்காமலே.

இத்தனைக்கும் அந்தச் செவ்வகம் போகவில்லை.
இரண்டு வருஷம் மஞ்சளாக இருந்தது.
அடுத்த மூன்று வருஷம், ஊட்டம் மிஞ்சி,
சுற்றியுள்ளதைவிடக் கரும்பச்சையாக.
தெருவில் போகிற யாருக்கும் அது படாது.
அவருக்கு அதைத் தவிர வேறெதுவும் படாது.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
வளைவில் திரும்பியவள் நின்றுவிட்டேன்.
வேலியிலிருந்து வாசற்படிவரை
ஒரே உயரம், ஒரே அடர்த்தி, ஒரே பச்சை.
நடுவில் க்ளோவிஸ், செருப்பில்லாமல்,
சாவியைத் தொலைத்தவர்போல் தரையைப் பார்த்துக்கொண்டு.

'எங்கே இருந்தது?' என்றார்.
தபால் பெட்டிக்கு நேராகக் கைகாட்டினேன்.
'இல்லை, இன்னும் தள்ளி.'
'இல்லவே இல்லை, அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்.'
இரண்டு பேரும் கொஞ்சம் உரக்கவே சண்டை போட்டோம்.

அசெலி வெளியே வந்தாள், கையில் பாத்திரம் துடைக்கும் துணி.
எங்களைக் கேட்கவில்லை.
புல்லில் இறங்கி மெதுவாக நடந்தாள்,
இருட்டில் படி தேடுகிற மாதிரி பாதத்தால் தடவித் தடவி.
ஓரிடத்தில் நின்றாள்.
'இங்கே கெட்டியாக இருக்கிறது' என்றாள்.
நான்கு எட்டு வைத்து, 'அடுப்பு.'
திரும்பி, 'கட்டில்.'
பிறகு எதுவும் சொல்லாமல் ஓரிடத்தைச் சுற்றிப் போனாள்,
அங்கே யாரோ உட்கார்ந்து விளையாடுவதைப்போல.

பள்ளிப் பேருந்து வர இன்னும் நேரமிருந்தது.

க்ளோவிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
'பரவாயில்லை, வா. மிதி.'

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.
ஷூவுக்கு அடியில் பஞ்சு மெத்தை,
அதற்கும் அடியில், ஆமாம், கெட்டி.
ஜன்னல் இருந்திருக்கும் இடத்தில் போய் நின்றேன்.
அன்றைக்கு அவர்களுக்கு வந்திருந்தது ஒரே ஒரு விளம்பரத் தாள்,
புல்வெட்டும் எந்திரம், தள்ளுபடி விலையில்.
எக்கி நின்று, கையை உயர்த்தி, நீட்டினேன்.

அவளும் கையை உயர்த்தி வாங்கிக்கொண்டாள்.