முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஆறு

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைக்கு
என் விடுதியின் பதினோரு அறைகளும்
ஜனவரியிலேயே தீர்ந்துவிடும்.
மற்ற நாட்களில்
நியூ மெக்சிகோவின் இந்தச் சாலையில்
லாரிக்காரர்கள் ஒன்றுக்குப் போக மட்டும் நிற்பார்கள்.

வருகிறவர்களுக்குத் தலையைவிடத் தொப்பி பெரிது.
வெர்லன் டட்டில் பல் மருத்துவர்,
இடுப்பில் தோட்டா இல்லாத துப்பாக்கி,
அதற்குச் சற்று மேலே
முதுகுவலிக்கு ஒட்டிய பிளாஸ்திரி.
கெர்லிண்ட ஜெர்மனியில் டிராம் ஓட்டுகிறாள்.
நாவலை மூன்று மொழிகளில் வைத்திருக்கிறாள்,
மூன்றிலும் அழுத இடம் ஒன்றேதானாம்.

அந்த இடத்தில்தான் சண்டை.

நாவலில்
மாட்டு மந்தை ஆற்றைக் கடக்கையில்
சாம்பல் குதிரை மூழ்கிப்போகிறது.
ஒரே வரி.
அடுத்த பத்தியில் காபி கொதிக்கிறது.
படத்திலோ அது கரையேறி
உடம்பை ஓர் உதறு உதறுகிறது.
துளித்துளியாய் வெயில் தெறிக்க
ஐம்பது வருடமாக
யாராவது எங்காவது கைதட்டுகிறார்கள்.

காலை உணவுக்கு இரண்டு மேஜை போட்டுவிடுவேன்.
புத்தகக் கட்சி ஜன்னலோரம்,
படக் கட்சி ரொட்டி சுடும் எந்திரத்தின் பக்கம்.
"கொல்லத் துணிந்தவன்தான் எழுத்தாளன்" என்பாள் கெர்லிண்ட.
"காப்பாற்றியவனை யாரும் மதிப்பதில்லை" என்பார் டட்டில்,
வாயில் முட்டையோடு.
இருவருக்கும் நடுவே
காபி ஊற்றிக்கொண்டு போகிற இசித்ரா அபோதாக்காவை
ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
படக்குழுவுக்குக் குதிரை கொடுத்தவர் என் அப்பா.
சாம்பல் குதிரைக்குப் பலோமா என்று பெயர்.
முதல் நாள் எடுத்த எடுப்பிலேயே
ஆறு அவளைக் கொண்டுபோய்விட்டது,
நாவலில் உள்ளபடி,
ஒரே வரியில்.
மறுநாள் ஒரு பழுப்புக் குதிரைக்கு
அடுப்புச் சாம்பலையும் பன்றிக்கொழுப்பையும் குழைத்து
அப்பாவும் அம்மாவும் விடிய விடியப் பூசினார்கள்.
கரையில் அது உதறியபோது
திரையில் மின்னியதில் பாதி
எங்கள் சமையலறை.

இந்த வருடம் ஆறு இல்லை.
மழை பொய்த்தது. இருந்த கொஞ்சத்தையும்
மேலே யாரோ தீவனப் பயிருக்குத் திருப்பிக்கொண்டார்கள்.
பணம் கட்டியாயிற்று, கடந்தே தீருவோம் என்றார்கள்.
நாற்பது ஜோடி பூட்ஸ்
கூழாங்கற்களில் நறநறவென்று இறங்கின,
தூக்கத்தில் பல் கடிக்கிற மாதிரி.
"ஆழம்! ஆழம்!" என்று கத்த வேண்டியவர்
காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாடகைக்கு வந்த பெண்குதிரைக்குக்
கதை தெரியாது.
நடு ஆற்றில் நின்றாள்.
மூக்கைத் தாழ்த்திக்
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
எதையோ தேடினாள்.
தேடிக்கொண்டே இருந்தாள்.
ஒருவரும் இருமக்கூட இல்லை.

கெர்லிண்டதான் முதலில்
தொப்பியைக் கழற்றி மல்லாத்திப் பிடித்து
குடிநீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள்.
போதவில்லை.
டட்டில் தன் பாட்டிலோடு ஓடிவந்து
முதுகு பிடித்துக்கொண்டு குனிந்தார்.
பிறகு எல்லோரும்,
எந்தக் கட்சி எந்தப் பாட்டில் என்று தெரியாமல்.
குதிரை குடிக்கிற சத்தம்
அந்தப் பள்ளம் முழுக்கக் கேட்டது.

ராத்திரி மறுபடி வாக்குவாதம்.
குதிரை தொப்பியில் தண்ணீர் குடிப்பது
நாவலில் எங்குமே இல்லை என்றாள் அவள்.
படத்திலும் கிடையாது என்றார் அவர்.
முதன்முறையாக ஒத்துப்போனதில்
இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

காபி வேண்டுமா என்று கேட்டேன்.
நனைந்த தொப்பி
மேஜைமேல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
துடைக்கத் துணியை எடுத்தவள்
திரும்பக் கொடியிலேயே போட்டுவிட்டேன்.