நுனி கீழ்நோக்கி

பில்லூரில் கரண்டுக்குத் தண்ணீர் திறந்தால்
நெல்லித்துறைக்கு வந்துசேர
இரண்டு டீ, ஒரு குட்டித் தூக்கம் ஆகும்.
சென்னியப்பன் கரைப்பாறையில்
சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறான்.
கோடு முங்கினால் இறங்கலாம்.
கோட்டுக்கு மேலே ஒரு சாண் என்றால்
வண்டியைத் திருப்பலாம்.
இன்றைக்கு நாலு விரல்.

"என்னுங் பண்றது, கோதைக்கா?"
நான் பாவாடையை மாட்டியாயிற்று.
ரப்பர் பாவாடை.
படகின் வாயைச் சுற்றி இழுத்து மூடினால்
இடுப்புக்குக் கீழே நான் மஞ்சள் பிளாஸ்டிக்.

மேலிருந்து வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறோம்:
செக்கிங், காஜா, ஓவர்லாக்.
கடைசியில் ஆளுயரம் விழுகிறதே,
அது சனிக்கிழமை.
திருப்பூரில் சம்பளம் அன்றைக்குத்தான்.

பாறைக்கும் பாறைக்கும் நடுவே
பவானி வி-கழுத்துப் பனியன் போட்டிருக்கும்.
நுனி கீழ்நோக்கி இருந்தால் வழி.
நுனி என்னைப் பார்த்து இருந்தால்
அடியில் கல்.
பதினோரு வருஷம் கழுத்துப்பட்டி தைத்த கண்ணுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செக்கிங் சும்மா விட்டது.
காஜாவில் இடது தோள் உரசியது.
ஓவர்லாக்கில் அலை மூன்று பக்கமும் வந்து
என் ஓரத்தை வெட்டப் பார்த்தது.
பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.
அங்கே தண்ணீர் மேல்நோக்கிப் போகும்.
ஒரு பாக்குமட்டை, ஒற்றை ஹவாய் செருப்பு,
போகலாமா வேண்டாமா என்று சுற்றிக்கொண்டிருந்தன.
நானும் இரண்டு சுற்று.

விளிம்பில் ஆறு தெரியாது.
ஒரு கோடு. அதற்கப்பால்
பாக்குமரங்களின் தலை மட்டும்.
கோட்டின்மேல் இடதுபக்கம் ஊன்றி ஓர் அடி,
முழங்காலைத் தூக்கி,
தட்டையாக விழவேண்டும்.
அரை நொடி பிந்தி அடித்தேன்.
மூக்கு இறங்கியது.

தலைகீழாக ஆறு முதலில் பச்சை,
பிறகு டீ,
பிறகு நிறமே இல்லை.
நூறு மெஷினை ஒரே மிதியில் ஓட்டுகிற சத்தம்.
கை துடுப்பைத் தேட,
மூளை சொல்கிறது:
கரண்ட் பில் கட்டலையே.
பாவாடையின் வாரைப் பிடித்து இழுத்தேன்.
படகு என்னைத் துப்பியது.

சென்னியப்பன் எறிந்த கயிறு
முதலில் ஒரு புங்கமரத்துக்கு.
இரண்டாவது எனக்கு.

துடுப்பு வெகுதூரம் போயிருந்தது.
பரிசலில் ஜிலேபிக்கு வலை போட்டிருந்தவர்
மடியில் வைத்திருந்தார்.
இருபக்கமும் திருப்பிப் பார்த்து,
"ஒரு பக்கம் போதாதுங்களா?"
போதாதுங்க.
"மேலிருந்து இங்க வர பஸ் இருக்குதுங்களே."
மூக்கிலிருந்து பவானி ஒழுகிக்கொண்டே இருந்தது.
விலை கேட்டார்.
பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.
அதற்கே பரிசல் ஆடச் சிரித்தார்.

பாறையில் இப்போது இரண்டு விரல்.
"எறங்குதுங்" என்கிறான் சென்னியப்பன்.
படகைத் தோளில் ஏற்றித்
தோப்பு வழியாக மேலே நடக்கிறேன்.
உள்ளே மிச்சத் தண்ணீர் அடிக்கொருதரம்
முன்னே ஓடிப் பின்னே வருகிறது.
இடது கை.
அரை நொடி முந்தி.