எழுபத்தேழாம் நம்பர் விளக்கு

ஐப்பசியில்தான் எங்களுக்கு வேலை.
காற்று படுத்துக்கொள்ளும் மாதம்.
ஆனி ஆடியில் சுற்றித் தேய்ந்ததற்கெல்லாம்
கிரீஸ் வைத்து, போல்ட்டை முறுக்கி,
பழவூர் வெளியின் இறக்கைகளை
ஒவ்வொன்றாய் நிறுத்திப் பார்க்கும் மாதம்.

அன்று எழுபத்தேழின் உச்சியில்
நானும் ஞானதுரையும்.
மேல்மூடியைத் திறந்தால்
ஈர விறகின் புகைபோல் மேகம் உள்ளே வருகிறது.
ஆரல்வாய்மொழிக் கணவாய் இருந்த இடத்தில்
வாய் கட்டிய வெள்ளைச் சாக்கு.
மகேந்திரகிரியைக் காணவில்லை.
நாற்கரச் சாலை மட்டும் காலடியில்
ஈரமாய்த் தெரிந்து தெரிந்து மறைந்தது.

வாக்கிடாக்கியில் மாசானமுத்து:
"மலையில இடி கெடக்கு, எறங்குங்கலே."

பெல்ட்டை மாட்டும்போது அந்தச் சத்தம்.
"எவனோ பம்புசெட் போட்டிருக்கான்"
என்றான் ஞானதுரை.
இந்த மழையில் எவன் தண்ணீர் இறைப்பான்?
தவிர, பம்புசெட் நகராது.
இது நகர்ந்தது.
நாகர்கோவில் பக்கமிருந்து
சாலையைப் பிடித்துக்கொண்டே வந்தது.
இரண்டு ஆள் உட்காரும் சின்ன விமானம்;
வெயில் நாளில் பார்த்திருக்கிறேன்,
வாகைக்குளம் பக்கமாய்த் தும்பிபோல் போகும்.
அன்று அது போனது
எங்கள் பூட்ஸுக்குக் கீழே.

எங்களுக்குக் கீழே.
எண்பது மீட்டரில் நிற்கிறேன் நான்.

மேகம் இறங்க இறங்க அவனும் இறங்கியிருப்பான்.
இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் ரோடு தெரியும்,
இன்னும் கொஞ்சம் போனால் வெளுத்துவிடும்,
பணகுடி தாண்டினால் வெயில் அடிக்கும்.
திரும்பலாம் என்று தோன்றியபோது
பின்னாலும் கதவு சாத்தியிருக்கும்.

எனக்குத் தெரியும் அந்த வெள்ளை.
தலையை நீட்டி நின்றால்
இரும்புக் கோபுரமே மலைப்பக்கம் சாய்வதாய் இருக்கும்.
கண்ணுக்குப் பிடி இல்லையென்றால்
காதுக்குள் இருக்கிற துளி நீர்
சத்தியம் பண்ணிப் பொய் சொல்லும்.
எனக்கு இரண்டு கொக்கி,
ஒன்று கழன்றாலும் ஒன்று.
அவனுக்கு எதிரே நடுங்குகிற ஒரு முள்.
உடம்பை விட்டுவிட்டு முள்ளை நம்ப வேண்டும்;
உடம்பை நம்பாமலிருக்க
ஒரு மனுஷன் எத்தனை நாள் பழக வேண்டும்?

தலைக்கு மேலே எங்கள் சிவப்பு விளக்கு
அணைந்து கிடந்தது.
ஆவணியில் போனது.
குறிப்புப் புத்தகத்தில் என் கையெழுத்து:
'அடுத்த ஏற்றத்தில் மாற்றலாம்.'
அடுத்த ஏற்றத்தில் ஸ்டோரில் பல்பு இல்லை.
அதற்கடுத்தது இது.
பல்பு இருந்தது.
கீழே, ஜீப்பில்.

ஹெல்மெட் டார்ச்சைக் கழற்றி
மூடி வழியே ஆட்டினேன்.
ஞானதுரை ஸ்பேனரால்
தகரத்தைத் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்,
விமானத்துக்குக் கேட்கும் என்பதுபோல.
சிரிப்பு வரவில்லை.
எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்து நாலு
என்று வரிசையை மனசுக்குள் எண்ணினேன்.
சத்தம் மலைப்பக்கம் ஒருமுறை திரும்பியது.
அப்புறம் மழை பலத்துப் பெய்தது.
அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

மாசானமுத்து ஸ்டேஷனுக்கு போன் போட்டான்.
"நம்பர் பாத்தியளா?" என்று கேட்டார்களாம்,
இடித்துவிட்டு ஓடிய லாரியைக் கேட்பதுபோல.

மறுநாள் பேப்பரை வரி விடாமல் படித்தேன்.
வடக்கன்குளத்தில் இடி விழுந்து பசுமாடு சாவு.
ஒரு டெண்டர். கண்ணீர் அஞ்சலிகள்.
அதற்கு மறுநாளும்.
மலைக்கு ஆடு பத்திப் போகிறவர்களைக் கேட்டேன்;
உதட்டைப் பிதுக்கினார்கள்.
"எறங்கிருப்பான் மக்கா" என்றான் ஞானதுரை.
இறங்கியிருப்பான்.
எங்கோ சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டு
கை நடுக்கம் நிற்கட்டும் என்று
டீ கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருப்பான்.
யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.
நானும்தான்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது.
ஏறி, பல்பை மாற்றினேன்.
பட்டப்பகலில் அது சிவந்து சிவந்து அணைந்தது.

"பழைய தேதி போட்ருல,
நாளைக்கு ஒண்ணுன்னா கேப்பானுவ" என்றான் மாசானமுத்து.
பேனாவை வாங்கினேன்.
விளக்கு மாற்றப்பட்டது.
அன்றைய தேதி.
மை சரியாக விழவில்லை;
அதன்மேலேயே இன்னொரு தரம்
அழுத்தி எழுதினேன்.