நாற்காலியின் அடிப்பக்கம்

வைவா பிரசவ விடுப்பில் போனதும்
வண்ண அலமாரிச் சாவி என்னிடம் வந்தது.
"ஜூன் வரைக்கும்தான். இரண்டாம் வகுப்பு.
தாளைக் கொடுத்துவிட்டால் சத்தமே இருக்காது"
என்றார் தலைமையாசிரியர்.
அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது
படியிறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஷிலுத்தேயில் பதினேழு வருடமாக
ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் நடத்துகிறவன் நான்.
காம்பஸ் இல்லாமலே எனக்கு வட்டம் வரும்.
பூனை வரையச் சொன்னால்
இரண்டு வட்டம் வரும்.

மார்ச் மாதம். தாழ்வாரத்தில்
இருபத்திரண்டு ஜோடி பூட்ஸ் பனி கக்கிக்கொண்டிருந்தன.
வெப்பக் குழாய்மேல் கையுறைகள்.
கீழே வேகும் பீட்ரூட் மணம் மாடிக்கு ஏறியிருந்தது.
என் நாற்காலியை வகுப்பின் நடுவில் போட்டு
"கண்ணில் படுவதை வரையுங்கள்" என்றேன்.
கை சும்மா இருக்கவில்லை;
இணைகோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில்
தொட்டுக்கொள்வதாகப் பாசாங்கு செய்யும் விதத்தைக்
கரும்பலகையில் இழுத்துக் காட்டினேன்.
ஒருவரும் நிமிரவில்லை.

டோமண்டாஸின் தாளில் சதுரமாய் ஓர் இருக்கை.
நான்கு மூலையிலிருந்து நான்கு கால்கள்
நான்கு திசைக்கு,
சாலையில் நசுங்கிய தவளை மாதிரி.
"நீ இருக்கும் இடத்திலிருந்து பார்.
நாலாவது கால் தெரிகிறதா?"
"இல்லை."
"பிறகு ஏன் போட்டாய்?"
"போடாவிட்டால் விழுந்துவிடுமே."

இதை மறுக்க ஒரு தேற்றம் இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

அதற்குள் கோட்ரினாவைக் காணோம்.
மல்லாந்து படுத்திருந்தாள், நாற்காலிக்குள் தலையை நீட்டி,
கார் பழுது பார்ப்பவன்போல்
கால்கள் மட்டும் வெளியே.
தாளை நெஞ்சில் வைத்து
மேலே பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்:
கோணலாய் ஒரு எண் முத்திரை,
மூன்று மரையாணி, நான்காவது இருந்த துளை,
உருண்டை உருண்டையாய் ஏதோ.
"அது என்ன?"
"பபிள்கம். இது பழசு. இது ரொம்பப் பழசு."
"வேறென்ன இருக்கிறது?"
"படுத்தால் தெரியும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. இடது முட்டி பேச்சுக் கேட்காது.
படுத்தேன்.
வகுப்பு முழுக்க ஒரு கணம் அமைதி;
தலைமையாசிரியர் சொன்ன அந்த அமைதி
அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.
எண்: நானூற்றுப் பதினெட்டு.
பென்சிலில் ஒரு மீன்; யார் வரைந்ததோ, கண் மட்டும் பெரிதாய்.
மரையாணி இல்லாத துளை.
நான் சாய்ந்தால் கிறீச்சிடும்,
ஒன்பதாம் வகுப்பு பின்வரிசை
என் முதுகுக்குப் பின்னால் பாடிக் காட்டும்
அந்த ஓசையின் வீடு.
பதினொரு வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மதிப்பீடு. சின்ன வகுப்புகளுக்கு
எண் போடக் கூடாது, வாக்கியம் எழுத வேண்டும்.
எண்ணென்றால் ஐந்து நிமிடம்.
இருட்டும்வரை உட்கார்ந்தேன்.
டோமண்டாஸுக்கு: உன் நாற்காலி விழவில்லை.
கோட்ரினாவுக்கு: ஆணி வாங்கிவிட்டேன், நன்றி.
உக்னேவுக்கு: இத்தனை பச்சை எங்கிருந்து வந்தது?
(அவள் நாற்காலியே வரையவில்லை;
நானும் கேட்கவில்லை.)

ரபோலாஸ்தான் மிச்சம்.
எல்லா வண்ணத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பூசி,
ஈரம் தாங்காமல் தாள் கிழிந்து,
கிழிந்த இடத்திலும் விடாமல் பூசி,
மேசையில் ஒரு பழுப்பு வட்டம்.
அதுவும் நல்ல வட்டம்.
"முடிந்ததா?" என்றதற்கு "இன்னும் இல்லை" என்றான்.
மணி அடித்துவிட்டது.

மறுநாள் நேமுனஸ் கரை மீறி
அவன் பக்கத்துச் சாலை நீருக்குள் போனது.
டிராக்டர்கூடப் போகவில்லை என்கிறார்கள்.
இன்று நான்காம் நாள்.
அவன் தாள் கொடிக்கயிற்றில் காய்ந்து
அப்பளமாய் விறைத்துத் தொங்குகிறது.
என் சட்டைக் கையில் இன்னும் அந்தப் பழுப்பு.
ஆணி முடுக்கியாகிவிட்டது; நாற்காலி சத்தம் போடுவதில்லை.
பின்வரிசை ஏமாந்து என்னைப் பார்க்கிறது.

அவனுக்கான கோடு காலியாக இருக்கிறது.
"நன்று" என்று எழுதி
அழித்தேன், இரண்டு முறை.